தாமார் என்னும் பேரீச்சை

கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்புத் திருப்பலிக்குத் திருச்சபை குறித்து வைத்திருக்கும் நற்செய்தி மத்தேயு முதல் அதிகாரம். ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பில் வந்து சேரும் நீண்ட பெயர்ப்பட்டியல் அது. அதை வாசிக்கும் பொறுப்பு குருக்களாகிய எங்களுடையது. உண்மையைச் சொல்வதென்றால், வெறுங்காலோடு சரளைக்கல் பாதையைக் கடப்பவரைப் போலவே எங்களில் பலர் அந்தப் பெயர்களைக் கடக்கிறோம். பீடத்தின் முன் அமர்ந்திருக்கும் சிறுவர்கள் அதற்குள் உறங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் யோசேப்பின் பெயர் வரும்வரை பொறுமையோடு காத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலின் மூன்றாம் வசனத்திலேயே ஒரு பெண்ணின் பெயர் வருகிறது: தாமார். சில ஆண்டுகளுக்கு முன் அன்பியக் கூட்டம் ஒன்றில் வயதான தாய் ஒருவர் கேட்டார்: "சாமி, நம்ம ஊர்லே எஸ்தர் இருக்கா, ரூத்து இருக்கா, சாராள் இருக்கா. தாமாருன்னு மட்டும் யாரும் பிள்ளைக்குப் பேரு வைக்கலையே, ஏன்?" கூடியிருந்தவர்களில் கதையை அறிந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டனர். நானும் ஏதோ மழுப்பிச் சொல்லிவிட்டு அடுத்த செபத்துக்குப் போய்விட்டேன். அந்த மழுப்பலுக்கு ஈடாகத்தான் இக்கட்டுரை.

தாமார் என்பது எபிரேய மொழியில் அபூர்வமான சொல் அன்று. பேரீச்சை மரத்துக்கு அம்மொழியில் வழங்கும் அன்றாடச் சொல்லே அது. விவிலிய நூல்களில் அது பெரும்பாலும் மரத்தைக் குறிக்கிறது. பிற்கால எபிரேயத்தில் அதன் கனியையும் குறித்தது. உடன்பிறந்த மொழியாகிய அரபியில் 'தமர்' என்றால் இன்றும் உலர்ந்த பேரீச்சம்பழம்தான். இசுரயேல் மக்கள் எலிமில் கண்ட எழுபது மரங்கள் அந்த மரங்களே. எரிகோவுக்கு அவர்கள் கொடுத்த இன்னொரு பெயர் பேரீச்சை நகர். இறைவாக்கினரான தெபோரா அமர்ந்து நீதி வழங்கியதும் அம்மரத்தின் அடியில்தான். எசேக்கியேல் தம் காட்சியில் வரைந்த நாட்டெல்லையில் தாமார் என்று ஓர் ஊரும் உண்டு.

தாய்மொழியில் இப்படிப்பட்ட ஒரு பெயர் முற்றிலும் பெயராகிவிடுவதில்லை. பனையூர் என்னும்போது தமிழனுக்கு ஊரும் கேட்கிறது, பனையும் கேட்கிறது. கனிமொழி என்று மகளை அழைக்கும் தந்தை ஒவ்வொரு முறையும் கனியை நினைப்பதில்லை. ஆயினும் நினைக்க விரும்பும் நேரத்தில் கனி அங்கே இருக்கிறது. பெயருக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன, இரண்டும் தாழிடப்படாதவை. எபிரேயச் சிறுவன் ஒருவன் தன் பாட்டியிடம் யூதாவின் கதையைக் கேட்டபோது, யூதா தன் மூத்த மகனுக்குப் பேரீச்சை என்னும் பெண்ணை மணமுடித்து வைத்தான் என்றே அவன் செவியில் விழுந்திருக்கும்.

அக்கதவுகளில் ஒன்று முதன்முதலில் அடைபட்டது அலெக்சாந்திரியாவில். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் எபிரேய மறைநூல் அங்கே கிரேக்கமாயிற்று. மரம் வந்த இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் 'பொயினிக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லை இட்டார்கள். பெண் வந்த இடங்களில் 'தாமார்' என்று ஒலியை மட்டும் எழுதினார்கள். ஒரே சொல்லாயிருந்தது அன்று இரண்டாயிற்று. அவர்களைக் குறைகூற முடியாது. வேறு வழி அவர்களுக்கு இல்லை. பொதுச்சொல்லைத் தனிப்பெயராக்குவது பெற்றோர் என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்த வேலையை முழுமையாக முடிப்பவர் மொழிபெயர்ப்பாளரே. தாயின் வாயில் பாதி மரமாகவும் பாதி மகளாகவும் இருந்த சொல், அவர் மேசையில் வெறும் பெயராகிறது. புனித எரோணிமுஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். இலத்தீன் மொழிபெயர்ப்பில் அவரும் மரத்தை 'பால்மா' என்றும் பெண்ணைத் 'தாமார்' என்றும் பிரித்தே எழுதினார். ஆனால் எபிரேயப் பெயர்களின் பொருளை விளக்கத் தனியாக ஒரு நூலும் இயற்றி வைத்தார். அவருக்கு முன்பே, இயேசுவின் காலத்தவரான அலெக்சாந்திரியாவின் பிலோ என்னும் யூத அறிஞர், தாமார் என்றால் பேரீச்சை, அது வெற்றியின் அடையாளம் என்று எழுதியிருக்கிறார்.

பெயர் அதன்பின் தனியே பயணம் போயிற்று. ஜார்ஜியா நாட்டை 1184 முதல் 1213 வரை ஆண்டவர் தாமார் என்னும் பெண். அரசன் என்ற பட்டமே அவருக்கு வழங்கியது. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரைப் புனிதராக வணங்குகிறது. இன்றும் அங்கே வீட்டுக்கு வீடு அப்பெயர் உண்டு. உருசிய மொழியில் அது தாமாரா ஆயிற்று. ஆனால் ஜார்ஜிய மொழியிலும் உருசிய மொழியிலும் பேரீச்சைக்குச் சொல் வேறு. 'பொயினிக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆகவே அங்கே எந்தத் தாமாருக்கும் தன் பெயரில் மரம் கேட்பதில்லை. அரபு விவிலியத்தின் நிலை இன்னும் விந்தையானது. தமர் என்ற சொல் உயிரோடு நடமாடும் மொழியாயிற்றே, அங்கேனும் பெண்ணும் மரமும் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெய்ரூட்டில் உருவாகிப் பரவிய அரபு மொழிபெயர்ப்பில், கிரேக்க எழுத்தைத் தழுவி அப்பெயர் வேறோர் எழுத்தால் தொடங்குகிறது. பேரீச்சையின் எழுத்து அன்று அது. ஆயினும் அந்த வேறு எழுத்தோடு தொடங்கும், ஏறத்தாழ அதே ஒலியுடைய அரபுச் சொல் ஒன்று உண்டு. அதன் பொருள் 'கனி'. ஒரு கதவு மூடிய இடத்தில் எப்படியோ ஒரு சன்னல் திறந்துகொண்டது.

நம் அடுக்களைக்கும் இச்சொல் வேறு வேடத்தில் வந்திருக்கிறது. அரபு வணிகர் புளியைக் கண்டு 'தமர் இந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் டாமரிண்ட் ஆயிற்று. 1753இல் லின்னேயு அம்மரத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'டாமரிண்டஸ் இண்டிக்கா' என்றார்: இந்தியாவின் இந்தியப் பேரீச்சை. புளியமரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. சொற்களின் பயணத்தில் இத்தகைய வேடிக்கைகளுக்குக் குறைவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். தொடக்க நூல் 38ஆம் அதிகாரம் நம் ஞாயிறு வாசகங்களில் இல்லை, வாரநாள் வாசகங்களிலும் இல்லை. யோசேப்பின் வரலாற்றை வாசித்துக்கொண்டே வரும் திருவழிபாடு இந்த அதிகாரத்தைத் தாண்டிச் செல்கிறது. யூதாவின் மூத்த மகன் ஏர் தாமாரை மணந்து இறக்கிறான். இறந்த அண்ணனுக்கு வழிமரபு எழுப்பும் கடமை ஓனானுடையது. அவன் அக்கடமையை ஏமாற்றி, அவனும் இறக்கிறான். மூன்றாம் மகன் சேலா வளரட்டும், அதுவரை உன் தந்தை வீட்டில் கைம்பெண்ணாயிரு என்று யூதா அவளை அனுப்பிவிடுகிறான். சேலா வளர்ந்துவிட்டான், அவள் அழைக்கப்படவில்லை. ஆண்டுகள் கழிகின்றன. யூதாவின் மனைவி இறந்து துக்கநாள்கள் முடிந்தபின், ஆட்டு மயிர் கத்தரிக்க அவன் திம்னாவுக்குச் செல்லும் வழியில் அவள் முகத்தை மூடி அமர்கிறாள். அவளை விலைமகள் என்று எண்ணி அவன் நெருங்குகிறான். அவனுடைய முத்திரை, கயிறு, கைக்கோல் ஆகியவற்றை அவள் ஈடாகப் பெற்றுக்கொள்கிறாள். மூன்று மாதம் கழித்து அவள் கருவுற்றிருப்பது தெரியவந்து, அவளை எரித்துவிட யூதா தீர்ப்பளிக்கிறான். அப்போது அப்பொருள்கள் அவன் கைக்குத் திரும்பி வருகின்றன.

கதைசொல்லி அவளுடைய இரட்டை ஆண்மக்களின் பெயர்களில் பெரேட்சின் பெயருக்கு மட்டும் பொருள் சொல்கிறார்: பீறிக்கொண்டு முந்தி வந்ததனால் அப்பெயர். தாயின் பெயருக்கு அவர் விளக்கம் தரவில்லை. கேட்போருக்கு அது தேவைப்படவில்லை. நமக்கோ அதுதான் தேவைப்படுகிறது.

பேரீச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. நம் தென்மாவட்டப் பங்குகளில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனையிலும் அப்படித்தான், அலகுப்பனை, பருவப்பனை என்று பெயரிட்டே பிரிக்கிறோம். ஆனால் பேரீச்சையில் கூடுதலாக ஒன்று உண்டு. தோட்டத்தில் பெண்மரங்கள் பலவாகவும் ஆண்மரங்கள் சிலவாகவும் நிற்பதால், மனிதன் மரமேறி ஆண்பூவின் தாதைப் பெண்பாளைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். வைக்காமற்போனால் நல்ல கனி இல்லை. குறை மரத்தினுடையது அன்று, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவனுடையது. பழைய மெசப்பொத்தாமியர் இதை நன்கு அறிந்திருந்தனர். கிறிஸ்துவுக்கு முன் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்முராபியின் சட்டத்தில் இதற்கென்றே விதி உண்டு: தோட்டத்தை ஏற்றுக்கொண்டவன் தாதிடும் வேலையைச் செய்யாமல் விளைச்சல் குறைந்தால், பக்கத்துத் தோட்டத்தின் விளைச்சல் அளவுக்கு உரிமையாளருக்கு அவன் அளந்து கொடுக்க வேண்டும்.

இப்போது 38ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். பேரீச்சை என்று பெயர் கொண்ட பெண், கனி கொடுக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாள். ஓனான் கொடுக்க மறுத்தான், யூதா சேலாவை மறைத்து வைத்தான். அவள் மலடி அல்லள்; அவளுக்கு உரியது மறுக்கப்பட்டது. விலைமகள் வேடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இக்கதையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள், இந்த மறுப்பை வாசிக்காமலே போய்விடுகிறார்கள். கதைசொல்லி அம்முராபியின் விதியை அறிந்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பெயர்களின் பொருளைப் பிழிந்து பிழிந்து மறையுரை செய்வதில் உள்ள ஆபத்தும் எனக்குத் தெரியும். குருமடத்தில் எங்கள் விவிலியப் பேராசிரியர்கள் எச்சரித்த முதல் சங்கதி அது. ஆனால் கதை பழகிய மண்ணில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரு மரத்தை நாமும் தெரிந்துகொண்டு வாசிப்பது பிழிதல் ஆகாது.

இதைவிட உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. தன் முத்திரையையும் கோலையும் கண்ட யூதா, தன்னைக் காட்டிலும் அவளே நேர்மையுள்ளவள் என்று ஒத்துக்கொள்கிறான். அங்கே எபிரேயத்தில் வரும் வினைச்சொல்லின் வேர், 'சத்தீக்' என்னும் சொல்லின் வேர்தான். நேர்மையாளர், நீதிமான் என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் அது. 92ஆம் திருப்பாடலின் 12ஆம் வசனமோ அந்த 'சத்தீக்' என்னும் மனிதர் தாமாரைப் போலச் செழிப்பார் என்கிறது. நேர்மை, பேரீச்சை, இவ்விரு சொற்களும் இரண்டிடத்திலும் கைகோத்து நிற்கின்றன. ஒன்றில் ஒரு கைம்பெண்ணைப் பற்றி அவளைக் கொல்ல நினைத்தவனின் வாக்குமூலம், மற்றொன்றில் கோவிலில் பாடப்படும் புகழ்ப்பா. திருப்பாடலாசிரியர் யூதாவின் மருமகளை எண்ணியா பாடினார்? அப்படிச் சாதிக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆயினும் எபிரேய மொழியில் இரண்டையும் கேட்டு வளர்ந்த ஒருவர், ஒன்றைக் கேட்கும்போது மற்றொன்று நினைவில் எழாமல் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

தமிழில் இந்த நினைவு எழுவதில்லை. இங்கேதான் நம் மொழிபெயர்ப்புகளைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. சீர்திருத்த சபையார் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் மேற்சொன்ன திருப்பாடலில் நீதிமானுக்கு உவமை பனை. அதே மொழிபெயர்ப்பில் எலிமில் நிற்பவை பேரீச்ச மரங்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய நம் திருவிவிலியத்தில் திருப்பாடலிலும் பேரீச்சைதான். தாவரவியல் நோக்கில் நம்முடையதே சரி. ஆனால் என் மனச்சாய்வைச் சொல்வதென்றால், பனை என்று எழுதிய அந்தப் பழைய கைக்கு நான் வணக்கம் செலுத்துவேன். வறட்சியில் நிமிர்ந்து நிற்பது, வேர் முதல் ஓலை வரை பயன்படுவது, நட்டவனின் பேரன் காலத்திலும் காய்ப்பது, இவையெல்லாம் ஒரு தமிழ்க் குடியானவனுக்குப் பனை என்ற ஒரு சொல்லிலேயே வந்துவிடுகின்றன. பேரீச்சை நமக்குக் கடையில் பொட்டலத்தில் வரும் பழம். எப்படியாயினும், இரு மொழிபெயர்ப்புகளிலும் பெண்ணின் பெயர் தாமார்தான். நேர்மை என்ற இழை தமிழிலும் தொடர்கிறது; மரம் என்ற இழை அறுந்துவிட்டது.

அறுந்துதான் ஆக வேண்டுமா? நம் கத்தோலிக்கத் தமிழ் ஒரு காலத்தில் வேறு வழியிலும் சென்றது. என் வயதினர் சிறுவர்களாயிருந்தபோது நற்செய்தியாளர் யோவானாக இல்லை, அருளப்பராக இருந்தார். ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்னும் எபிரேயப் பொருள் அப்பெயரில் தமிழாகவே நின்றது. பவுல் சின்னப்பராயிருந்தார், இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றார், பெருகச் செய்வார் என்ற எபிரேயப் பொருளைத் தழுவி. திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். இவை அழகுக்காகச் செய்யப்பட்டவை மட்டும் அல்ல. பெயரின் இரண்டாம் கதவைத் தமிழனுக்குத் திறந்துவைத்த செயல் அது. பிற சபையாரோடு ஒரே விவிலியத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டி 1995இல் நாம் யோவான், பவுல் என்ற பொது ஒலிகளை ஏற்றோம். ஒற்றுமைக்காகக் கொடுத்த விலை அது. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. எனினும் அது விலைதான் என்பதை மறந்துவிட வேண்டாம். இன்று அருளப்பன் என்று பெயர் தாங்கும் இளைஞர் பலருக்குத் தம் பாதுகாவலர் யோவான் என்பதே தெரியவில்லை.

இத்தனைக்கும், அருளப்பர் என்று பெயரைத் திறந்த அந்தப் பழைய கத்தோலிக்கத் தமிழுங்கூடத் தாமாருக்கு ஒரு பெயர் கொடுக்கவில்லை. திருத்தூதர்களுக்கும் புனிதர்களுக்கும் கிடைத்த உரிமை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளைப் புனிதராக யாரும் எண்ணாததே காரணமாயிருக்கலாம். யூதாவின் தீர்ப்பையும் பெத்லகேம் பெரியவர்களின் வாழ்த்தையும் நினைத்துப் பார்த்தால் அது நியாயமாகத் தோன்றவில்லை. ரூத்தை மணக்கும் போவாசை வாழ்த்தும்போது, தாமார் யூதாவுக்குப் பெற்றுத்தந்த பெரேட்சின் வீட்டைப் போல் உன் வீடும் ஆகட்டும் என்றல்லவா நகர்வாயிலில் நின்ற அப்பெரியவர்கள் கூறினார்கள்! மணவீட்டில் வாழ்த்தாகச் சொல்லப்பட்ட பெயர் அது.

விவிலியத்தில் இன்னொரு தாமாரும் உண்டு. அவளைப் பற்றி எழுதுவது எளிதன்று. தாவீதின் மகள், அப்சலோமின் தங்கை. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரமும் நம் திருப்பலி வாசகங்களில் இல்லை. மாற்றாந்தாய் மகனான அம்னோன் நோயாளியாக நடித்து, அவள் கையால் உணவு வேண்டுமென்று கேட்டு, அவளை வன்முறையால் கெடுக்கிறான். அதற்கு முன் நண்பனிடம் பேசும்போது அவளைப் பெயர் சொல்லி, அப்சலோமின் தங்கை தாமார் என்று குறிப்பிடுகிறான். தீங்கு செய்து முடித்தபின் பணியாளனை அழைத்து அவளை வெளியேற்றச் சொல்லும்போது எபிரேய மூலத்தில் பெயரும் இல்லை, பெண் என்ற சொல்லும் இல்லை. 'இதை' என்ற ஒரு சுட்டு மட்டுமே இருக்கிறது. மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் 'இந்தப் பெண்' என்று நிரப்பிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தால் செய்யும் அந்த நிரப்புதல் அம்னோனின் கொடுமையைக் குறைத்துக் காட்டுகிறது. கதவு தாழிடப்பட்டதும் கதைசொல்லி அவளை மறுபடி பெயர் சொல்லி அழைக்கிறார்: தாமார் தன் தலைமேல் சாம்பலைப் போட்டுக்கொண்டாள், தன் நெடிய அங்கியைக் கிழித்துக்கொண்டாள், அலறிக்கொண்டே போனாள் என்று. அம்னோன் பறித்த பெயரை அவர் திருப்பிக் கொடுக்கிறார்.

பின்பு அவள் அப்சலோமின் வீட்டில் எந்நிலையில் இருந்தாள் என்று கூறும் எபிரேயச் சொல், எதிரிகள் பாழாக்கிய நிலத்துக்கும் நகருக்கும் இறைவாக்கினர் பயன்படுத்துவது. பேரீச்சை என்று பெயர் கொண்டவள் பாழ்நிலமானாள். எபிரேயச் செவிக்கு இது ஒரே வாக்கியத்துக்குள் மோதும் இரண்டு சொற்கள். தமிழில் நாம் தாமார் என்ற அறியாத ஒலியையும் துயரம் என்ற பொதுச்சொல்லையும் வாசிக்கிறோம், மோதல் நிகழ்வதில்லை. அடுத்த அதிகாரத்தில் அப்சலோமுக்கு மூன்று மகன்களும் ஒரு மகளும் பிறந்ததாகக் குறிப்பு வருகிறது. அங்கே மகன்களின் பெயர் சொல்லப்படவில்லை. மகளின் பெயர் மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது: தாமார். அப்சலோமின் வன்மத்தையும் கலகத்தையும் நாம் அறிவோம். அவனைப் போற்ற ஒன்றுமில்லை. ஆனால் தன் வீட்டில் அடைபட்டுக் கிடந்த தங்கையின் பெயரைத் தன் குழந்தைக்கு இட்டு, அந்தச் சொல் மீண்டும் அவ்வீட்டில் மகிழ்ச்சியோடு கூப்பிடப்படும்படி அவன் செய்திருக்கிறான்.

கிரேக்கச் சொல்லின் கதையைப் பாதியில் விட்டேன். பொயினிக்ஸ் என்பது பேரீச்சைக்கு மட்டுமன்று, நெருப்பில் மாண்டு சாம்பலிலிருந்து எழுவதாகப் பழங்கதை கூறும் பறவைக்கும் பெயர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் 92ஆம் திருப்பாடலைக் கிரேக்கம் வழியாகப் படித்து, நேர்மையாளர் அந்தப் பறவையைப் போலச் செழிப்பார் என்று புரிந்துகொண்டு, உடலின் உயிர்ப்புக்கு அதைச் சான்றாக எழுதினார். பிழைதான். இதைவிட அழகான பிழை திருச்சபைத் தந்தையரின் எழுத்தில் குறைவு. மரம் பறவையாகிப் பறந்தாலும் உயிர்ப்பை விட்டு விலகவில்லை.

மரமும் ஒருவகையில் உயிர்த்திருக்கிறது. பழைய யூதேயப் பேரீச்சை இனம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயிற்று. 1960களில் மசாதாக் கோட்டையைத் தோண்டியபோது கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டு பழமையான விதை ஒன்று 2005இல் முளைத்தது. மெத்துசேலா என்று அதற்குப் பெயரிட்டார்கள். முளைத்தது ஆண்மரம். பின்னர் யூதேயப் பாலைநிலக் குகை ஒன்றின் விதையிலிருந்து பெண்மரம் கிடைத்தது. அதற்கு அன்னா என்று பெயர். நெடுங்காலம் பிள்ளையின்றிக் காத்திருந்த, சாமுவேலின் தாயின் பெயர். மெத்துசேலாவின் தாதை இட்டு 2020இல் அன்னாவிலிருந்து கனி பறித்தார்கள். மரத்தின் பெயர் பெண்ணுக்குப் போனதைப் போய், பெண்ணின் பெயர் மரத்துக்குத் திரும்பிய நிகழ்ச்சி இது. அந்த அறிவியலாளர் தாமார் என்று பெயரிடவில்லை. பேரீச்சைக்குப் பேரீச்சை என்றே பெயர் வைக்க எபிரேயம் பேசும் யாருக்கும் தோன்றாது.

குருத்தோலை ஞாயிறன்று நாம் ஏந்துவது தென்னங்குருத்து, சில ஊர்களில் பனங்குருத்து. எருசலேமில் மக்கள் ஏந்தியவை எந்த மரத்தின் ஓலைகள் என்பதை நான்கு நற்செய்தியாளருள் யோவான் மட்டுமே பெயரிட்டுச் சொல்கிறார். 12ஆம் அதிகாரத்தில் அவர் எழுதிய கிரேக்கச் சொல் பொயினிக்ஸ். எபிரேயத்தில் அது தாமார். மத்தேயு தம் முதல் பக்கத்தில் ஆண்டவரின் மூதாட்டியாகக் குறித்த பெண்ணின் பெயருடைய மரந்தான், அவர் பாடுபடச் செல்லும் வழியில் இருபுறமும் அசைந்தது. அந்நகரம் கி.பி. 70இல் வீழ்ந்தபின் உரோமைப் பேரரசன் வெஸ்பாசியன் வெளியிட்ட நாணயத்தில் யூதேயாவைப் பெண்ணாகப் பொறித்தார்கள்: பேரீச்சை மரத்தடியில் தலைகவிழ்ந்து அமர்ந்து அழும் பெண். வென்றவன் இட்ட அந்தப் படத்தில் யார் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திராது.

சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்துத்தான் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறோம். பங்கு மக்கள் கொண்டுவந்து கொடுக்கும் காய்ந்த ஓலைகளைக் கோயில்பிள்ளை கொல்லைப்புறத்தில் கொளுத்தும்போது இப்போதெல்லாம் அப்சலோமின் தங்கை நினைவுக்கு வருகிறாள்.

திருவிவிலியத்தின் அடுத்த பதிப்பில் தொடக்க நூல் 38:6இலும் 2 சாமுவேல் 13:1இலும் மத்தேயு 1:3இலும் ஒரே வரியில் ஓர் அடிக்குறிப்பு போதும்: எபிரேயத்தில் பேரீச்சை என்று. பெயரை மாற்ற வேண்டாம். தாமார் தாமாராகவே இருக்கட்டும். அன்று என்னிடம் கேட்ட அந்தத் தாய் இறந்து இரண்டாண்டு ஆகிறது. போன கிறிஸ்து பிறப்பு விழிப்பிரவில் மூன்றாம் வசனத்தில் நான் சற்று நிறுத்திவிட்டுத்தான் மேலே வாசித்தேன். ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. வரும் ஆண்டில் மறையுரையில் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.